செங்கற்பட்டு பி.சி.ஜி ஆய்வு

செங்கற்பட்டு பி.சி.ஜி ஆய்வு என்பது, காசநோய்க்கு எதிராகப் பி.சி.ஜி தடுப்பூசி எந்த அளவுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது என்பதை அறிய, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் 1968 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கள ஆய்வாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை ஆகிய மூன்றும் கூட்டாக இதனை மேற்கொண்டன. பி.சி.ஜி குறித்து நடந்த ஆய்வுகளுள் மிகப் பெரியது இதுவே. இத்தடுப்பூசி வளர்ந்தவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து காக்கவில்லை என்ற எதிர்பாராத முடிவு 1979 ஆம் ஆண்டு வெளியானது. அம்முடிவை ஆய்வில் பங்கு கொண்ட எவரும் விரும்பவில்லை. ஆயினும் எவராலும் அதனை ஒதுக்கிவிட முடியவில்லை. அதற்குக் காரணம் ஆய்வு அமைக்கப்பட்ட முறையே ஆகும். உயிரியல், மருத்துவத் துறைகளில் பல நாட்டு நிறுவனங்கள் இணைந்து செய்யும் கூட்டாய்வுகளுக்கு இது முக்கியமான எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

பின்னணி

சென்னையில் காசநோய்க் கூட்டாய்வு 1956 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை நிறுவின. காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டில் இருந்தபடியே மருந்து உட்கொண்டால் போதாதா என்பதே அம்மையம் எடுத்துக்கொண்ட முதல் வினா. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இதற்குத் தலைமை தாங்கினார். 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். நெருக்கமான வீடுகளில், போதிய உணவின்றி வாழ்ந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய நிகராகவே குணமடைந்தனர். வீட்டில் இருந்த நோயாளிகளால் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959 இல் வெளியான இம்முடிவுக்குப் பின்னர் உலகெங்கும் சானடோரியங்கள் படிப்படியாகத் தேவையற்றுப் போயின. தாம்பரத்தை அடுத்த இரயில் நிலையத்தின் பெயரில் மட்டும் அச்சொல் இன்றும் நிலைத்திருக்கிறது.

இக்கூட்டுறவில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றும் பங்கு பெற்றது. இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முதுநிலை மருத்துவப் பள்ளியின் நுண்ணுயிரியலாளர் டெனிஸ் மிட்சிசன், சென்னை நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட காசநோய்க் கிருமிகளைக் கினிப்பன்றிகளில் சோதித்தார். அவற்றுள் பல, பிரித்தானிய நோயாளிகளிடமிருந்து பெற்ற கிருமிகளைவிட வீரியம் குறைந்தவை என்று 1960 ஆம் ஆண்டு தெரிய வந்தது. அப்போது இது கிருமியியலாளர்களுக்கு மட்டுமே உரிய செய்தியாக இருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, திருவள்ளூர் முடிவுக்கு விளக்கம் தேடியவர்கள் இதனைத் தேடிப் படித்தனர்.

தடுப்பூசி குறித்த கருத்து வேறுபாடு

பிரான்சின் ஆல்பர்ட் கால்மெட், கமீல் கெரான் ஆகிய இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகளில் 230 முறை மறுவளர்ப்புச் செய்து உருவாக்கியதே பி.சி.ஜி. 1921 இல் இது முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியாவில் 1948 இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி ஆய்வுக்கூடம் அமைந்தது. தொடர்ந்து நாடு முழுவதும் பெருந்திரள் தடுப்பூசி இயக்கம் நடைபெற்றது.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. எதிர்த்தவர்களுள் மிகவும் அறியப்பட்டவர் இராஜாஜி. சென்னை மாநில முதல்வர் பதவியிலிருந்து விலகிய பின்னர், 1955 ஆம் ஆண்டு, தாம் பி.சி.ஜியை ஏன் எதிர்க்கிறேன் என்பதை விளக்கி அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அவருடைய வாதங்கள் அனைத்தும் அறிவியல் அடிப்படை கொண்டவை அல்ல. ஆனால் இத்தடுப்பூசி பயன் தரும் என்பதற்கு நம் நாட்டில் என்ன சான்று உள்ளது என்ற கேள்விக்கு அன்று முழுமையான விடை இல்லை என்பது உண்மையே.

பிற நாடுகளில் கிடைத்த விடைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. பிரித்தானியாவில் பள்ளிப் பருவத்தினரிடையே நடந்த ஆய்வில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு மேல் பாதுகாப்பு காணப்பட்டது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை நாட்டின் தென்பகுதியிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் நடத்திய ஆய்வுகளிலோ மிகக் குறைந்த பயனே தென்பட்டது. தடுப்பூசி வகையில் வேறுபாடா, மக்களில் வேறுபாடா, சூழலில் வேறுபாடா என்று சொல்ல இயலவில்லை. காசநோய் மிகுந்த ஒரு நாட்டில், போதிய அளவு பெரிய ஆய்வு ஒன்றே இதனைத் தீர்க்கும் என்று கருதப்பட்டது.

ஆய்வுப் பகுதி

சென்னைக்கு மேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள 209 ஊர்களும் 9 நகர்ப்புறப் பகுதிகளும் ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1997 ஆம் ஆண்டு செங்கற்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருவள்ளூர் தனி மாவட்டமாகியது. அம்மாவட்டம் முழுவதும் ஆய்வில் அடங்கவில்லை. இக்காரணத்தால் ஒரே பகுதி பழைய ஆய்வேடுகளில் செங்கற்பட்டு என்றும், புதியவற்றில் திருவள்ளூர் என்றும், புள்ளியியல் நூல்களில் சென்னை என்றும் வழங்கப்படுகிறது. மூன்றும் வெவ்வேறு ஆய்வுகள் என்று எண்ணிக் குழம்புவோர் உண்டு.

காசநோயும் தொழுநோயும் இங்கு ஒருசேர மிகுந்திருந்தன. சென்னையின் ஆய்வுக்கூடங்களுக்கு அருகில் இருந்ததும் இப்பகுதிக்குச் சாதகமாயிற்று. சளி மாதிரிகள் கெடுவதற்கு முன் கிருமி வளர்ப்புக்குக் கொண்டு சேர்க்க இது உதவியது.

ஆய்வின் அமைப்பு

1968 முதல் 1971 வரை வீடு வீடாகக் கணக்கெடுத்து 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுள் 2,81,161 பேருக்கு, குலுக்கல் முறையில், பி.சி.ஜி அல்லது மருந்தற்ற போலி ஊசி போடப்பட்டது. ஒரு மாதக் குழந்தை முதல் முதியோர் வரை அனைவரும் இதில் அடங்குவர். இரு வகைத் தடுப்பூசிகள் பயன்படுத்தப்பட்டன. ஒன்று கோபன்கேகனிலிருந்து வந்த டேனிய வகை, மற்றொன்று பாரிசு பாஸ்டர் நிறுவனத்தின் பிரெஞ்சு வகை. ஒவ்வொன்றும் இரு அளவுகளில் கொடுக்கப்பட்டது. முந்தைய ஆய்வுகளில் பயன் காணப்படாதபோதெல்லாம் தடுப்பூசி வகையே குறை சொல்லப்பட்டது. அக்குறைக்கு இடமின்றிச் செய்யவே இரு வேறு நாட்டு வகைகள் சேர்க்கப்பட்டன.

யாருக்கு எந்த ஊசி என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. நோய் உள்ளதா எனத் தீர்மானித்தவர்களும் அதனை அறியவில்லை. அனைவருக்கும் தோலில் டியூபர்குலின் சோதனை செய்யப்பட்டு, சில நாட்கள் கழித்துத் தடிப்பு அளக்கப்பட்டது. இதற்குப் பயன்பட்டது பன்னாட்டுத் தர அளவாக ஏற்கப்பட்டிருந்த அமெரிக்க டியூபர்குலின். அதனுடன், சுற்றுச்சூழலில் வாழும் பிற மைக்கோபாக்டீரியங்களால் உண்டாகும் உணர்வை அறிய இரண்டாவது பொருளும் செலுத்தப்பட்டது. பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கு மார்பு எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்பட்டது. படத்தில் ஐயம் தோன்றியவர்களின் சளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டது.

அதன்பின் பதினைந்து ஆண்டுகள், இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை, களப்பணியாளர்கள் ஊர் ஊராக மீண்டும் சென்றனர். எக்ஸ்-கதிர்க் கருவி ஏற்றிய வண்டி நுழைய முடியாத வண்டித்தடங்கள், அறுவடைக் காலத்தில் பூட்டியிருக்கும் வீடுகள், திருமணமாகி வேறூர் சென்றுவிட்ட பெண்கள், ஒரே ஊரில் ஒரே பெயர் கொண்ட பலர் என்று இத்தகைய பணியின் இடர்ப்பாடுகள் பல. முதல் நாளில் கை நீட்டியவர் தடிப்பு அளக்கும் நாளிலும் வீட்டில் இருக்க வேண்டும். ஆய்வேடுகளில் ஒற்றை வரியாகக் காணப்படும் இப்பணியே ஆய்வின் பெரும்பகுதி எனலாம்.

கூட்டு நிறுவனங்களின் பங்கு

இவ்வாய்வில் எந்த ஒரு நிறுவனமும் தனித்து முடிவைத் தன் பக்கம் சாய்க்க இயலாதவாறு பொறுப்புகள் பிரிந்திருந்தன. களப்பணியும் ஆய்வுக்கூடப் பணியும் இந்தியக் குழுவினரிடம் இருந்தன. தடுப்பூசிகள் ஐரோப்பாவிலிருந்து வந்தன. எவர் எந்த ஊசி பெற்றார் என்பது குறியீட்டில் மறைந்திருந்தது. நோய் என்று எதனைக் கொள்வது என்பது ஊசி போடுவதற்கு முன்னரே வரையறுக்கப்பட்டது. முடிவுகளை எடைபோட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாக அறிவியல் குழு ஒன்றை அமைத்தன.

பி.சி.ஜியில் அமெரிக்கருக்கு அவநம்பிக்கையும் ஐரோப்பியருக்கு நம்பிக்கையும் மிகுந்திருந்த காலம் அது. இந்தியாவோ ஏற்கெனவே கோடிக்கணக்கானோருக்கு அதனைப் போட்டுக்கொண்டிருந்தது. மூவரும் மூன்று விதமான விடையை எதிர்பார்த்து ஒரே வழிமுறைக்கு முன்கூட்டியே உடன்பட்டனர் என்பதே இக்கூட்டுறவின் சிறப்பு. கூட்டாய்வு ஒப்பந்தம் என்றவுடன் நிதி, பயிற்சி, கருவிகள் ஆகியவையே பேசப்படுகின்றன. ஆனால் விரும்பத்தகாத முடிவு வந்தால் என்ன செய்வது என்பதற்கு இவ்வாய்வு முன்னரே விடை வைத்திருந்தது.

முடிவுகள்

ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முதல் அறிக்கை 1979 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. தடுப்பூசி போட்ட இரண்டரை மாதத்தில் டியூபர்குலின் உணர்வு நன்கு தோன்றியிருந்தது. ஆகவே ஊசி கெட்டுப்போனது என்று சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டரை ஆண்டுகளில் அவ்வுணர்வு பெரிதும் மங்கியது. தொடக்கத்தில் நோய்த்தொற்று இல்லாதிருந்தவர்களிடையே புதிதாகத் தோன்றிய நோயாளிகளைப் பார்த்தபோது, பி.சி.ஜி பெற்றவர்களுக்கும் போலி ஊசி பெற்றவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

பதினைந்து ஆண்டு முடிவுகள் 1999 இல் வெளியாயின. தொடக்கத்தில் டியூபர்குலின் சோதனையில் எதிர்வினை காட்டாதவர்களும் எக்ஸ்-கதிர்ப் படம் இயல்பாக இருந்தவர்களுமான 1,09,873 பேரில், 560 பேருக்குக் காசநோய் உறுதி செய்யப்பட்டது. வளர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. குழந்தைகளுக்குச் சுமார் 27 விழுக்காடு பாதுகாப்பு கணக்கிடப்பட்டது, எனினும் அதுவும் புள்ளியியல் முறையில் உறுதியானதன்று.

பதின்மூன்று பி.சி.ஜி ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழுவினர் 1994 இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டனர். அதன் தரவுகள் பின்னர் ஆர் என்னும் புள்ளியியல் மென்பொருளில் பயிற்சித் தொகுப்பாகச் சேர்க்கப்பட்டன. அதில் சென்னை என்ற வரியில், தடுப்பூசி பெற்ற 88,391 பேரில் 505 நோயாளிகள், பெறாத 88,391 பேரில் 499 நோயாளிகள், அகலாங்கு 13 என்று உள்ளது. தொகுப்பாய்வு கற்கும் மாணவர்கள் பல நாடுகளில் இவ்வரியைப் பார்த்திருப்பர். அதன் பின்னால் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஊர்கள் இருப்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

விளைவுகள்

முடிவு வெளியானபோது இந்தியா தன் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. 1978 இல் தொடங்கிய அத்திட்டத்தில் பி.சி.ஜியும் ஒன்று. தடுப்பூசியையே கைவிடுவதா என்ற கேள்வி எழுந்தது. 1980 இல் உலக சுகாதார நிறுவனம் இதுபற்றி இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளையுறைக் காசநோய், உடலெங்கும் பரவும் காசநோய் ஆகியவற்றைத் திருவள்ளூர் ஆய்வு அளக்கவில்லை. பத்து வயதுக்கு மேற்பட்டோரின் நுரையீரல் நோயே அதில் முதன்மையாகத் தேடப்பட்டது. எனவே பிறந்த குழந்தைகளுக்குப் பி.சி.ஜி தொடர வேண்டும் என்று முடிவாயிற்று. பிற்காலத் தொகுப்பாய்வுகள் குழந்தைகளின் இக்கொடிய நோய்வகைகளுக்கு எதிராகப் பி.சி.ஜி நல்ல பாதுகாப்பு தருவதை உறுதி செய்தன.

இதனால் மக்களிடையே ஒரு தவறான கருத்தும் பரவியது. பி.சி.ஜி பயனற்றது என்று இவ்வாய்வு நிறுவியதாகச் சிலர் எழுதுகின்றனர். அது சரியன்று. சமுதாயத்தில் நோயைப் பரப்புகின்ற, வளர்ந்தவர்களின் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி தடுக்கவில்லை என்பதே ஆய்வின் கூற்று. காசநோய்க் கட்டுப்பாடு தடுப்பூசியை நம்பியிராமல், நோயாளியை விரைவில் கண்டறிந்து முழுமையாக மருந்து கொடுப்பதையே சார்ந்திருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு இது வலுவூட்டியது.

விளக்கங்கள்

முடிவுக்குக் காரணம் என்ன என்பது இன்றுவரை முழுமையாகத் தீரவில்லை. பெரிதும் ஏற்கப்படுவது சூழல் மைக்கோபாக்டீரியங்களைப் பற்றிய விளக்கமாகும். வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் வாழும் இவை சிறு வயதிலேயே உடலுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் தந்துவிடுகின்றன. அதன்மேல் பி.சி.ஜி கூடுதலாக எதுவும் சேர்ப்பதில்லை. கினிப்பன்றிகளில் இதற்கு ஆதாரம் இருப்பதை அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையின் கரோல் பால்மரும் மாரிஸ் லாங்கும் 1966 இலேயே காட்டியிருந்தனர். இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் பால் ஃபைன் இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தார். அப்பள்ளி மலாவி நாட்டின் கரோங்கா மாவட்டத்தில் நடத்திய ஆய்வில் இரண்டாம் முறை போட்ட பி.சி.ஜி தொழுநோயைப் பாதியளவு தடுத்தது, காசநோயைத் தடுக்கவில்லை. 1996 இல் வெளியான இம்முடிவு திருவள்ளூர் முடிவுக்குத் துணையாயிற்று.

தென்னிந்தியக் கிருமிகளின் வீரியக் குறைவு பற்றிய மிட்சிசனின் பழைய கண்டுபிடிப்பும் ஒரு விளக்கமாக முன்வைக்கப்பட்டது. தென்னிந்தியாவில் மிகுந்துள்ள கிருமிகள் பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்க-இந்திய வம்சத்தைச் சேர்ந்தவை என்பதைப் பிற்கால மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஊட்டக்குறைவு, மரபியல் வேறுபாடு ஆகியவையும் கூறப்பட்டன.

தொழுநோய் ஆய்வு

பி.சி.ஜி ஆய்வின் மக்கள்தொகையில் தொழுநோயும் கண்காணிக்கப்பட்டது. அந்நோய்க்கு எதிராகப் பி.சி.ஜி ஓரளவு பாதுகாப்பு தந்தது. இதன் தொடர்ச்சியாக, ஆவடியில் இயங்கிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் களப்பிரிவு 1991 முதல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிடும் ஆய்வை நடத்தியது. ஏறத்தாழ 1,71,400 பேர் இதில் ஊசி பெற்றனர். தில்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் ஜி. பி. தல்வார் உருவாக்கிய எம்.டபிள்யூ தடுப்பூசி, மும்பை புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐ.சி.ஆர்.சி தடுப்பூசி, கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமி கலந்த பி.சி.ஜி, பி.சி.ஜி மட்டும் ஆகிய நான்கும் ஒப்பிடப்பட்டன. 1998 இல் வெளியான முடிவுகளின்படி, ஐ.சி.ஆர்.சி 65.5 விழுக்காடும், கிருமி கலந்த பி.சி.ஜி 64 விழுக்காடும், பி.சி.ஜி மட்டும் 34.1 விழுக்காடும், எம்.டபிள்யூ 25.7 விழுக்காடும் பாதுகாப்பு அளித்தன. வெவ்வேறு நகரங்களின் ஆய்வுக்கூடங்கள் தத்தம் கண்டுபிடிப்பைப் பொதுக் களத்தில் மற்றவற்றுடன் ஒப்பிட ஒப்புக்கொண்டது அரிதான நிகழ்வாகும்.

பிற்கால ஆய்வுகள்

சேத்துப்பட்டு மையம் 1978 இல் காசநோய் ஆராய்ச்சி மையம் என்றும், 2011 இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் மாற்றம் பெற்றது. பழைய ஆய்வுப் பகுதியிலேயே, வெள்ளியூர்க் காசநோய்ப் பிரிவில், 1999 இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் டாட்ஸ் முறையின் விளைவு ஆராயப்பட்டது. வளர்ந்தவர்களிடையே ஒரு இலட்சம் பேருக்கு 609 ஆக இருந்த காசநோய், 2004-2006 கணக்கெடுப்பில் 311 ஆகக் குறைந்தது. பி.சி.ஜி ஆய்வு 1968 முதல் சேர்த்து வைத்த கணக்குகள் இருந்ததால்தான் இக்குறைவு வழக்கமானதா, புதிய முறையால் நேர்ந்ததா என்று ஒப்பிட முடிந்தது. தடுப்பூசி தோற்றாலும் அதன் கணக்கேடு பயன்பட்டது.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கூட்டுறவு இன்று வேறு வடிவம் பெற்றுள்ளது. இந்திய உயிரித்தொழில்நுட்பத் துறையும் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களும் 2013 இல் தொடங்கிய ரிப்போர்ட் இந்தியா என்னும் காசநோய் ஆய்வுக் கூட்டமைப்பில், புதுச்சேரி ஜிப்மர் பாஸ்டன் பல்கலைக்கழகத்துடனும், புனே பி. ஜே. மருத்துவக் கல்லூரி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துடனும், சென்னை எம். விஸ்வநாதன் நீரிழிவு ஆராய்ச்சி மையம் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியுடனும் இணைந்தன. சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் உறுப்பு. நோயாளிகளின் சளி, இரத்த மாதிரிகள் பொதுவான வழிமுறைப்படி சேமிக்கப்படுகின்றன.

2019 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆறு மாநிலங்களில் காசநோயாளிகளின் வீட்டார் சுமார் 12,000 பேரிடம் புதிய தடுப்பூசி ஆய்வைத் தொடங்கியது. சோதிக்கப்பட்டவற்றுள் ஒன்று பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மாற்றியமைக்கப்பட்ட பி.சி.ஜி. மற்றொன்று, தொழுநோய் ஆய்வில் கடைசி இடம் பெற்ற அதே எம்.டபிள்யூ.

திறனாய்வு

ஆய்வு தொடங்கிய காலத்தில் இந்தியாவில் மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறைகள் வகுக்கப்படவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் நெறிமுறை அறிக்கை 1980 இல்தான் வந்தது. நாடெங்கும் தடுப்பூசி போடப்பட்ட காலத்தில் இப்பகுதியின் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குப் போலி ஊசி போட்டது முறையா என்று பின்னர் கேட்கப்பட்டது. பயன் உண்டா என்பதே அறியப்படாதபோது அது மறுப்பு ஆகாது என்பது ஆய்வாளர் தரப்பு வாதம். நுரையீரல் நோயைப் பொறுத்தவரை முடிவு அவ்வாதத்துக்குச் சாதகமாக அமைந்தது. கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை அவ்வாறு எளிதில் கூறிவிட முடியாது.

இந்தியாவில் வெளிநாட்டுப் பங்களிப்புள்ள மருத்துவ ஆய்வுகள் இன்று நலவாழ்வு அமைச்சகக் குழுவின் ஒப்புதலையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் பெற வேண்டும். மருத்துவச் சோதனைகள் 2009 முதல் பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதியப்படுகின்றன. செங்கற்பட்டு ஆய்வேடுகளில் மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் பெயருடன் குறிக்கப்பட்டுள்ளனர். பதினைந்து ஆண்டுகள் ஊசிக்கும் படத்துக்கும் சளிக் குப்பிக்கும் முன்வந்த ஊர் மக்கள் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெற்றுள்ளனர்.